லொறி ரயரில் நின்ற எட்டு சிலிண்டர்

புதுச் சாமான் வாங்கிப் பூட்டுகிறவன் மெக்கானிக் இல்லை, வெறும் பெட்டி உடைக்கிறவன் என்று நான் நம்பியிருந்தேன். சும்மா நம்பவில்லை, நாலு பேர் கேட்கச் சொல்லியும் திரிந்தேன். இலங்கையில், எங்கள் ஊரில் நான் வேலை பழகிய எழுபதுகளில் வெளிநாட்டுச் சாமான் எதுவும் லேசில் உள்ளே வராது. பழைய இங்கிலீசுக் கார்களைச் சைக்கிள் ரியூப்பாலும் லொறி ரயராலும் ஓட வைத்தோம். பிரேக்குக்குள் போடும் றப்பர் வளையத்தைச் செருப்பு அடியில் வெட்டியெடுத்த ஆட்களையும் எனக்குத் தெரியும். அப்படித் திருத்திய கார்கள் பிரேக் பிடித்தால் நின்றனவா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் நின்றன.

இப்போது கராஜ்களில் வேலைக்குச் சேர்கிற தம்பிமாரே, தங்கச்சிமாரே, எனக்கு ஒன்றும் அவ்வளவு வயதாகிவிடவில்லை. என் முதுகு என்னை முந்திக்கொண்டு ஓய்வு பெற்றது. அதைத் தனியே அனுப்ப மனமில்லாமல் நானும் கூடப் போனேன். நீங்கள் கம்பியைச் செருகிக் காரிடமே 'உனக்கு என்ன வருத்தம்' என்று கேட்கிற காலத்தில் வேலை பார்க்கிறீர்கள். உங்களுக்குத் தொழில்நுட்பம் சொல்லித்தர என்னிடம் எதுவும் இல்லை. பயம் பிடித்த மனிதனின் மூளை எந்தெந்தச் சந்துக்குள் எல்லாம் ஓடும் என்று கேளுங்கள், அதில் நான் நல்ல தேர்ச்சி.

எண்பதுகளின் நடுப்பகுதி. பரிஸ் நகரத்து லாச்சப்பலில் எங்கள் ஆட்களின் கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்த நேரம். ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு முற்றத்தில் இருந்த கராஜில் எனக்கு வேலை. முதலாளி புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பல வருடம் லொறி திருத்தியவர். தமிழர், பிரெஞ்சுக்காரர், அரபுக்காரர் எல்லாரும் அவரை முசியே, அதாவது ஐயா, என்றே கூப்பிட்டார்கள். அவர் என்னை யாழ்ப்பாணம் என்று கூப்பிட்டார். ஒரு முழுக் குடாநாட்டின் மானமும் என் தலையில் என்று நானும் அதற்கேற்ப நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அந்தக் கராஜுக்கு ஒருநாள் பக்கத்து ஊரான ஆர்ஜொந்தெயிலிருந்து ஓர் இறைச்சிக்கடைக்காரர் வந்தார். ஜெர்மனியில் இருந்த அமெரிக்கச் சிப்பாய் ஒருவன் விட்டுவிட்டுப் போன சின்னக் கார் ஒன்றை அவர் வாங்கியிருந்தார். எழுபதுகளில் பெற்றோல் தட்டுப்பாட்டுக்குப் பயந்து அமெரிக்கர்கள் செய்த நாலு சிலிண்டர்க் குட்டிக் கார். நீள மூக்கு, குட்டை வால், ஏதோ பாதியில் மறந்துபோய் வெட்டிவிட்ட மாதிரி. அதற்குள், உடைந்துபோன வேறொரு பெரிய அமெரிக்கக் காரின் எட்டு சிலிண்டர் இஞ்சினை இறக்கவேண்டும், பின்னுக்கு அகலச் சில்லு பூட்டவேண்டும், புகைக்குழாய் உறுமவேண்டும். ஹாட் ராட் என்று அதற்குப் பெயர். ஆட்டுக்குட்டிக்குள் யானையின் நெஞ்சை வைத்துத் தைக்கிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். காகிதம், அனுமதி என்று அவர் எதுவும் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

முசியே என்னைப் பார்த்தார். அந்தக் காரில் எல்லாம் அங்குலக் கணக்கு. கராஜில் மற்றவர்கள் மில்லிமீற்றரில் வளர்ந்தவர்கள். நான் அங்குலத்தில் வளர்ந்தவன்.

"யாழ்ப்பாணம், இது உன்னால ஆவுமா?"

"ஓம் முசியே."

இரண்டு மாத வேலை. அதை விடுகிறேன். கடைசி வாரத்துக்கு வருகிறேன். இஞ்சினைச் சட்டத்தோடு பிடித்துவைக்க இரண்டு பக்கமும் இரண்டு றப்பர்த் தாங்கிகள் வேண்டும். மவுண்டிங் என்போம். அந்த இஞ்சினுக்கான மவுண்டிங்கை முசியே வெளியில் சொல்லி எடுப்பித்திருந்தார். அது வந்து சேர இன்னும் ஒரு கிழமை. ஆனால் சனிக்கிழமை இறைச்சிக்கடைக்காரரின் மகளுக்குக் கல்யாணம். மகளை அந்தக் காரில்தான் ஏற்றிப்போவேன் என்று அவர் ஊரெல்லாம் சொல்லியாயிற்று.

"பரவால்ல, வேற வண்டில போவட்டும்" என்றார் முசியே.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என் காது சூடாகிறது. "ரெண்டு மணித்தியாலம் தாங்கோ முசியே" என்று சொல்லி, பின்முற்றத்தில் கிடந்த பழைய லொறி ரயரை வெட்டி, இரண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவில் வைத்து இறுக்கி, இரண்டு மவுண்டிங் செய்தேன். பார்க்கக் கோயில் சிலை மாதிரி இருந்தது. முசியே கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது தாங்குமா?"

"ஓம் முசியே. தாங்கும்."

வெள்ளிக்கிழமை இறைச்சிக்கடைக்காரர் வந்து காரை எடுத்துப்போனார். உறுமிக்கொண்டு பாலத்துக்குக் கீழே அது போனபோது கடைகளுக்குள் இருந்த எங்கள் சனம் வாசலுக்கு வந்து பார்த்தது. அன்றிரவு என்னைவிட நிம்மதியாகத் தூங்கியவன் பரிஸ் நகரத்தில் இருந்திருக்கமாட்டான்.

சனிக்கிழமை காலை. சாமான் கழுவும் தட்டைத் தூக்கினேன். அதற்குள் எண்ணெய் கலந்த பெற்றோல் எப்போதும் கிடக்கும். அடியில் ஏதோ கறுப்பாகக் கிடந்தது. எடுத்தேன். அந்த லொறி ரயரில் நான் வெட்டி மிஞ்சிய துண்டு. செவ்வாயோ புதனோ தவறி விழுந்திருக்கவேண்டும். ஒரு பெருவிரல் மொத்தத்தில் இருந்த துண்டு இப்போது சாம்பாரில் ஊறிய வடை மாதிரி உப்பியிருந்தது. இரண்டு விரலால் கிள்ளினேன். கையோடு வந்தது.

முதல் ஐந்து நிமிடம் நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். பயம் எனக்கு அப்படித்தான் தொடங்கும். பிறகு ஞாபகம் வந்தது: அந்த இஞ்சினின் இடது பக்க மூடியில் மெல்லிய எண்ணெய்க் கசிவு. அதைப் பார்த்துவிட்டு "அமெரிக்கனெல்லோ, கொஞ்சம் வேர்க்கும்" என்று நான்தான் பகிடி விட்டேன். அந்த வேர்வை நேராகச் சொட்டுவது இடது மவுண்டிங்கில்.

அது பிய்ந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு ஒரு வரியில் சொல்கிறேன். வேகம் கொடுக்கும்போது இஞ்சின் இடது பக்கம் எழும்பும். எழும்பினால் அதோடு பூட்டியிருக்கும் அக்சிலரேற்றர்க் கம்பி தானாக இழுபடும். ஓட்டுகிறவர் காலை எடுத்தாலும் கார் இன்னும் இன்னும் வேகம் பிடிக்கும். நகரசபையில் கல்யாணப் பதிவு, பிறகு தேவாலயம், பிறகு ஓட்டோரூட் என்கிற வேகப் பெருவீதியில் ஏறி ஊருக்கு வெளியே விருந்து. இறைச்சிக்கடைக்காரர் வெள்ளிக்கிழமை எனக்கு இதையெல்லாம் விரல்விட்டுச் சொல்லியிருந்தார். பின் ஆசனத்தில் மணமகள்.

இறைச்சிக்கடைக்காரரின் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். அடித்தது, அடித்தது, ஒருவரும் எடுக்கவில்லை. எல்லோரும் வெளிக்கிட்டாயிற்று.

இனி நான் செய்ததைக் கவனமாகக் கேளுங்கள். முசியே பத்தடி தூரத்தில் நின்றார். அவருடைய பாரந்தூக்கும் வான் முற்றத்தில் நின்றது. அதில் ஏறினால் அரை மணித்தியாலத்துக்குள் ஆர்ஜொந்தெய். நான் அவரிடம் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"முசியே, வயித்துக்குள்ளை ஏதோ செய்யுது."

"மூஞ்சியெல்லாம் சாம்பலாட்டம் கீது. இன்னாத்த துன்ன? போ, போய்ப் படு."

உப்பிய றப்பரைச் சட்டைப் பையிலும் ஒரு ஸ்பானரைக் காற்சட்டைப் பையிலும் வைத்துக்கொண்டு ஓடினேன். லாச்சப்பலில் மெத்ரோ, பிளாஸ் து கிளிஷியில் மாறி இன்னொரு மெத்ரோ, சென் லசாரில் ரயில். ஒரு பெண்ணின் உயிர் போகக்கூடும் என்று தெரிந்துகொண்டே, முசியேயின் முகத்துக்குப் பயந்து, மூன்று வண்டி மாறிப் போனவன் நான். அந்த நேரத்தில் அது எனக்குப் புத்திசாலித்தனமாகவே பட்டது.

ரயிலில் என் கெட்ட காலத்துக்குத் தெரிந்த ஒருவர். உணவகத்தில் கோப்பை கழுவுகிற அண்ணை. ஆர்ஜொந்தெயில் குடியிருந்தார்.

"என்ன ஐசே, எண்ணெய்ச் சட்டையோடை எங்கை பயணம்?"

"கலியாண வீட்டுக்கு அண்ணை."

"இந்தக் கோலத்திலையோ? ஆற்ற கலியாணம்?"

"பேர் தெரியாது."

அண்ணை என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். அந்தக் கை பட்டதும் எனக்கு எல்லாம் உடைந்து வெளியே வந்துவிட்டது. றப்பரைக் காட்டினேன். அவர் அதை மணந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இதுக்கே இந்தப் பாடு? போறாய். காரின்ரை முன்மூடியைத் திறந்து ஒரு வயரைக் கழட்டுறாய். வாறாய். கார் ஸ்ராட் வராது, அவையள் வேறை காரிலை போவினம். அமெரிக்கக் கார், குளிருக்கு மக்கர் பண்ணுது எண்டு நினைப்பினம்."

"இது யூன் மாசம் அண்ணை."

"அப்ப வெக்கைக்கு மக்கர் பண்ணுது. உனக்கேன்? பேந்து உன்னட்டைத்தானே கொண்டு வருவினம். ஆருக்கும் தெரியாமல் நல்ல மவுண்டிங்கைப் போட்டுக் குடு. கெட்டிக்காரன் எண்டு பேரும் வரும். உள்ளதைச் சொன்னியோ, வேலை போச்சு. வேலைக் கடுதாசி இல்லாமல், விசா புதுப்பிக்கிற பிறபெத்தூரிலை போய் என்னத்தைக் காட்டுவாய்?"

எவ்வளவு அழகான யோசனை! ரயில் சென் நதியைக் கடந்தபோது எனக்குப் பசிகூட எடுத்தது.

நகரசபை வாசலில் கார் நின்றது. தக்காளிச் சிவப்பு, மூக்கில் வெள்ளை நாடா, கைபிடியெல்லாம் பூ. எல்லோரும் உள்ளே. அண்ணை வீதிக்கு மறுபக்கம் பாண்கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று காவல் பார்த்தார். நான் மூடியைத் திறந்து, மின்பொறி போகும் நடு வயரைப் பிடுங்கினேன். குனிந்து மவுண்டிங்கைப் பார்க்கப் பார்த்தேன், தெரியவில்லை, அவ்வளவு பெரிய இஞ்சின். நிமிர்ந்தபோது எனக்குப் பக்கத்தில் இரண்டு பேர். ஒவ்வொருவரும் குளிர்சாதனப் பெட்டி அளவு. இறைச்சிக்கடைக்காரரின் மைத்துனர்கள்.

கல்யாணக் காருக்குள் தலையை விட்டபடி, கையில் வயரோடு, எண்ணெய்ச் சட்டையில் ஒரு கறுவல். அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

"கராஜ்" என்றேன். "சர்வீஸ்!"

அவர்கள் முகம் மலர்ந்துவிட்டது! கல்யாண நாளில் கராஜ்காரனே வந்து பார்த்துவிட்டுப் போகிறானே என்று ஒருவர் என் முதுகில் அடித்தார். மற்றவர் கையைக் காட்டினார், செய், செய், முடி. இரண்டு பேரும் கைகட்டிக்கொண்டு என் வேலையைப் பார்த்து நின்றார்கள். நான் இஞ்சினைத் துடைத்தேன். மறுபடி துடைத்தேன். அவர்கள் போகவில்லை. ஒருவர் என் கையில் இருந்த வயரைச் சுட்டி, அது எங்கே போகும் என்று அக்கறையாகக் கேட்டார்.

என் கையாலேயே வயரைத் திரும்பப் பூட்டினேன். மூடியையும் என் கையாலேயே சாத்தினேன். கார் இப்போது முழு ஆரோக்கியத்தோடு ஓடத் தயார்.

கதவு திறந்தது. அரிசி பறந்தது. மகளைக் கையில் பிடித்தபடி இறைச்சிக்கடைக்காரர் படியிறங்கி வந்தார். என்னைக் கண்டதும் மகளை விட்டுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். சனத்தின் பக்கம் திருப்பினார். இந்தக் காரைச் செய்த கலைஞன் இவன்தான், ஓட்டோரூட்டில் இன்றைக்கு நீங்கள் எல்லோரும் என் தூசியைத்தான் பார்ப்பீர்கள் என்று கத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். தம்பிமாரே, என் வாழ்க்கையில் எனக்காக ஒரு கூட்டம் கைதட்டியது அந்த ஒருமுறைதான். அந்தக் கைதட்டலுக்குள் நின்றுகொண்டு நான் மூன்று யோசனை யோசித்தேன். மயங்கி விழலாம். வயரை மறுபடி பிடுங்கிக்கொண்டு ஓடலாம். அல்லது, எவ்வளவோ கார்கள் எங்கள் ஊரில் ஓடியிருக்கின்றன, இதுவும் ஓடும் என்று விட்டுவிட்டு ஒரு துண்டு கேக் சாப்பிடலாம். மூன்றாவதை நான் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். அதை மறைத்து என்ன?

மணமகள் ஏறுவதற்குப் பின்கதவைத் திறந்தாள். வெள்ளை உடையை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு குனிந்தாள். எப்படிப் போனேன் என்று தெரியாது, நான் அவளுக்கும் கதவுக்கும் நடுவில் நின்றேன்.

அப்போது என்னிடம் ஐம்பது பிரெஞ்சுச் சொல் இருந்திருக்கும். தாங்கி என்ற சொல் அதில் இல்லை. சட்டைப் பையில் இருந்த றப்பரை எடுத்து இறைச்சிக்கடைக்காரரின் உள்ளங்கையில் வைத்தேன். காரைக் காட்டினேன். உள்ளே, இது, நான், என்றேன். இவற்றை மட்டும் பிழையில்லாமல் சொன்னேன்.

அவர் அதை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அமுக்கினார். வாழ்நாள் முழுக்க இறைச்சியை அமுக்கிப் பார்த்த விரல். மூக்குக்குக் கொண்டுபோனார். ஒரு முனையைக் கிள்ளினார், வந்தது. அவர் முகத்தில் இருந்த கல்யாணம் முழுக்க இறங்கிப் போனதை நான் பார்த்தேன்.

"இது உள்ளே இருக்கிறதா?" என்று பிரெஞ்சில் மெதுவாகக் கேட்டார்.

"ஓம்" என்றேன் தமிழில். தலையையும் ஆட்டினேன்.

அவர் மூடியைத் திறந்தார். நான் பூட்டிய அதே வயரைப் பிடுங்கித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். பிறகுதான் சத்தம் தொடங்கியது. மணமகள் அழுதாள். தாய் என் முகத்துக்கு நேரே சொன்னவற்றின் அர்த்தத்தை நான் பல மாதம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன், உங்களுக்குச் சொல்லமாட்டேன். மைத்துனர்களில் ஒருவர் போய்க் கடையின் இறைச்சி வானைக் கொண்டுவந்தார். பக்கவாட்டில் ஒரு பன்றி சிரித்துக்கொண்டிருந்தது. மணமகள் அதன் முன் ஆசனத்தில் ஏறித் தேவாலயத்துக்குப் போனாள். கொக்கிகள் உள்ளே கலகலவென்று ஆடுவது வீதி முடியும்வரை கேட்டது.

வீதிக்கு மறுபக்கம் பார்த்தேன். கோப்பை கழுவுகிற அண்ணையைக் காணவில்லை.

தொலைபேசிக் கூண்டிலிருந்து கராஜுக்கு எடுத்தேன்.

"முசியே, நான் ஆர்ஜொந்தெயிலை நிக்கிறன்."

"வவுத்து வலி அவ்ளோ தூரம் போயிடுச்சா?"

சொன்னேன். தொடக்கத்திலிருந்து, றப்பரிலிருந்து, வயிற்றிலிருந்து, எல்லாம்.

"வண்டி நிக்குதா, ஓடுதா?"

"நிக்குது."

"நீ?"

"நானும் நிக்கிறன் முசியே."

"ரெண்டு பேரும் அங்கியே நில்லுங்க. வர்றேன்."

வந்தார். காரைக் கொளுவி இழுத்துக்கொண்டு திரும்பினோம். பாதி வழிவரை அவர் பின்கண்ணாடியில் காரையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். ஏச்சு விழுந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"அன்னிக்கு நான் தாங்குமான்னு கேட்டேனே" என்றார் ஒரு சிவப்பு விளக்கில். "ரப்பரையா கேட்டேன்? ரப்பரு பதில் சொல்லாதுன்னு எனக்குத் தெரியாதா? உனக்குத் தெரியுமான்னு கேட்டேன்."

"தெரியாது எண்டு சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பியள் முசியே?"

"அந்த ஆளுக்கு ஒரு போன் போட்டு, வேற வண்டில போப்பான்னு சொல்லியிருப்பேன். ஒரு போன். முடிஞ்சுது."

பச்சை விழுந்தது. அவர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. மூன்று மாதம் சாமான் கழுவ விட்டார், அதே தட்டில்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டதை உங்களுக்கும் தருகிறேன், விருப்பமென்றால் வைத்துக்கொள்ளுங்கள். கராஜில் ஒருவர் உங்களிடம் 'இது சரியா' என்று கேட்டால், ஓம் என்று வாய் திறக்குமுன் ஒரு மூச்சு எடுங்கள். அந்த ஓம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பார்த்துத் தெரிந்ததிலிருந்து வருகிறதா, தெரியாதென்று சொன்னால் மானம் போய்விடும் என்பதிலிருந்து வருகிறதா? எனக்கு இரண்டும் ஒரே சத்தத்தில்தான் கேட்கும். அதனால் நான் சத்தத்தை நம்புவதை விட்டுவிட்டேன். தெரியாது என்று சொன்ன நாட்களில் என் பெயர் கொஞ்சம் கெட்டது உண்மை. அந்த நாட்களில் நான் ரயில் ஏறவில்லை.

அன்று பின்னேரம் காரை உயர்த்தினோம். முசியே லைட்டைப் பிடித்தார், நான் கீழே படுத்தேன். வலது மவுண்டிங் செய்த மாதிரியே இருந்தது. இடது மவுண்டிங்கின் இரண்டு தகடும் ஏற்கெனவே தனித்தனியாகப் பிரிந்திருந்தன. நடுவில் இருந்த றப்பர் நான் தொட்டதும் மூன்று துண்டாக என் நெஞ்சில் விழுந்தது. வீட்டிலிருந்து நகரசபை வரை மகளோடு வந்த அந்தக் கொஞ்சத் தூரமும் இஞ்சின் தன் பாரத்தில் மட்டும் உட்கார்ந்து வந்திருக்கிறது. ஏன் எழும்பவில்லை என்பது அடுத்த கிழமை இறைச்சிக்கடைக்காரர் வந்தபோதுதான் தெரிந்தது. மகளின் கொண்டை கலைந்துவிடும் என்று தாய் சொன்னதால், வழி முழுக்க அவர் வேகம் கொடுக்கவேயில்லை, இரண்டாம் கியருக்கு மேல் போடவுமில்லை.